ஐசியூவில் முதல் மாதம்: குமரி மாவட்ட மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாளை காலை ஐசியூ டியூட்டிப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா? அப்படியானால் இன்றிரவு புதிதாக எதையும் படிக்க வேண்டாம். சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டு ஒன்று, தையல்காரர் வைத்திருப்பது போன்ற அளவு டேப் ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. இந்த மூன்றையும் எடுத்து வைத்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். டேப் எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் இந்த மாவட்டத்தில் பிறந்தவன். பல ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்கிறேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ குலசேகரம் மூகாம்பிகா மருத்துவக் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைகளைச் சந்திக்கும்போது அவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எதைப் படிக்க வேண்டும் என்பது ஒன்று. எப்படித் தாங்குவது என்பது மற்றொன்று. அதைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான்: நேரத்தோடு உதவி கேட்கப் பழகுங்கள். நோயாளிக்காகக் கேட்கும் அதே வாயால் உங்களுக்காகவும் கேளுங்கள். இந்தக் கட்டுரை அதை எப்படிச் செய்வது என்பதற்கான வழிகள்தான்.

ஐசியூ யாருடைய கைகளில் பிறந்தது?

உள்ளே போவதற்கு முன் ஒரு பழைய சம்பவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1952 ஆகஸ்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் நாள்தோறும் வந்து குவிந்தார்கள். அங்கிருந்ததோ இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரம் ஒன்றும், மார்புக் கவசம் போன்ற சிறிய கருவிகள் ஆறும் மட்டுமே. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். முதல் நோயாளி பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவள் பிழைத்தாள். ஆனால் பையை இரவும் பகலும் அழுத்த ஆள் வேண்டுமே? சுமார் 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். முறை வைத்து, மாதக்கணக்கில், ஒவ்வொரு மூச்சையும் தங்கள் கையால் கொடுத்தார்கள். அதற்கு முன் அந்த நோயாளிகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பிறகு அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. அடுத்த ஆண்டு இப்சன் தொடங்கிய தனிப் பிரிவைத்தான் உலகின் முதல் ஐசியூக்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள்.

‘நான் வெறும் மாணவன், எனக்கு இங்கே என்ன வேலை’ என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிகிச்சை முறை உங்களைப் போன்றவர்களின் கைகளில்தான் உருவானது. அவர்களும் தனியாக அதைச் செய்யவில்லை. ஒருவர் கை ஓய்ந்தபோது அடுத்தவர் பையை வாங்கிக்கொண்டார்.

முதல் நாள்: பார்க்க வேண்டிய வரிசை

டியூட்டி தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். முதலில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியது அங்கே இருக்கும் சிஸ்டரிடம். உங்கள் பெயரைச் சொல்லி, ‘எனக்கு இது முதல் நாள், தவறு செய்தால் சொல்லிக்கொடுங்கள், சிஸ்டர்’ என்று கேளுங்கள். இருபது ஆண்டுகள் ஐசியூவில் நின்ற ஒரு செவிலியருக்கு, நோயாளியின் முகம் மாறுவதை மானிட்டருக்கு முன்பே கண்டுபிடிக்கத் தெரியும். உறிஞ்சுகுழாய் போட்டுச் சளி எடுப்பது, மருந்து ஓட்டும் பம்பில் அளவு வைப்பது, படுத்த நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது ஆகியவற்றை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர், சிஸ்டர்கள்.

பிறகு நான்கு இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி எங்கே, அவசர மருந்து வண்டி எங்கே, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை ஒவ்வொரு படுக்கைக்கும் இருக்கிறதா, மூத்த மருத்துவரை அழைக்கும் தொலைபேசி எண் எது. நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதுங்கள்.

படுக்கையருகே போனதும் கண்கள் தாமாக மானிட்டருக்குத்தான் போகும். தடுத்து நிறுத்தி நோயாளியைப் பாருங்கள். மார்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்குகிறதா? பாதம் சூடாக இருக்கிறதா? சிறுநீர்ப் பையில் எவ்வளவு இருக்கிறது? இவற்றுக்குப் பிறகு எண்கள். அலாரம் அடித்தாலும் இதே வரிசைதான். ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். சத்தமாக ஆளைக் கூப்பிடுங்கள்.

உங்கள் உடலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்திருக்க வேண்டும். ஊசி குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் ஊற்றிக் கழுவி, உடனே மூத்தவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் எடுக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி குத்துவது குற்றமன்று. மறைப்பதுதான் ஆபத்து.

உதவி கேட்பது எப்படி?

இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பாடத்திலும் இது மதிப்பெண்ணுக்கு வருவதில்லை.

நான் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சியாண்டு மருத்துவராக, இருந்தபோது, வேறோர் ஊரில், ஒரு நள்ளிரவில் மூத்தவர் ஒருவரை அழைத்தேன். ‘இதற்கெல்லாமா எழுப்புவாய்?’ என்று கடிந்துகொண்டார். அடுத்த வாரம் இன்னொரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் குறையத் தொடங்கியபோது நான் அழைக்கவில்லை. சலைன் வேகத்தைக் கூட்டிவிட்டு நாற்பது நிமிடம் காத்திருந்தேன். அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நாற்பது நிமிடங்கள் இன்றும் எனக்குள் இருக்கின்றன. அதனால் சொல்கிறேன்: திட்டு வாங்கினாலும் அழையுங்கள்.

அழைக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்பே மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டால் பதற்றம் குறையும். நான் யார், நோயாளி யார், என்ன மாறியிருக்கிறது, எனக்கு என்ன வேண்டும். உதாரணமாக:

“சார், ஐசியூவிலிருந்து ஹவுஸ் சர்ஜன் பேசுகிறேன். நான்காம் படுக்கை, 52 வயது ஆண், நுரையீரல் தொற்று, இரண்டாம் நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். காலையில் 70 ஆக இருந்த சராசரி ரத்த அழுத்தம் பத்து நிமிடமாக 55. கை கால் குளிர்ந்திருக்கிறது. நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 40 மி.லி.தான். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.”

அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்ற வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள். அதுவும் ஒரு தகவல். எண்களில் இன்னும் தெரியாத ஏதோ ஒன்றை உங்கள் கண் பார்த்திருக்கிறது என்று அதற்குப் பொருள். பெரும்பாலான சீனியர்கள், அந்த அண்ணன்களும் அக்காக்களும், அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் எழுந்து வருவார்கள்.

இந்தக் குரலை ஒருநாள் உங்களுக்காகவும் பயன்படுத்த வேண்டியிருக்கும். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படிப்பு: ஒரு நாளைக்கு ஒரு படுக்கை

பயிற்சியாண்டில் மயக்கவியலுக்கும் தீவிர சிகிச்சைக்கும் சேர்த்து ஒதுக்கப்படுவது இரண்டு வாரங்கள்தான். மருத்துவப் பிரிவிலும் அவசரப் பிரிவிலும் இருக்கும்போது மீண்டும் ஐசியூவுக்கு வருவீர்கள். அதற்குள் எல்லாவற்றையும் படித்துவிட முயன்றால் ஒன்றும் நிற்காது. ஒரு நாளைக்கு ஒரு நோயாளி, அவரிடமிருந்து ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு மட்டும் அன்று மாலை அரை மணி நேரம் படியுங்கள்.

முதல் வாரத்துக்கு நான் பரிந்துரைக்கும் கேள்வி, அந்த டேப்பைப் பற்றியது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்று போக வேண்டும்? 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. கொடுப்பதைவிட 6 மி.லி. கொடுத்தால் உயிரிழப்பு குறைகிறது என்று காட்டியது. 39.8 சதவீதமாக இருந்த இறப்பு 31 ஆனது. இங்கே கிலோ என்பது தராசில் வரும் எடையன்று. உயரத்தைக் கொண்டு கணக்கிடும் எடை. உடல் பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லை என்பதுதான் காரணம். ஆண்களுக்கு: உயரத்தைச் செ.மீ.யில் எடுத்து அதிலிருந்து 152.4ஐக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, 50ஐக் கூட்டுங்கள். பெண்களுக்கு 50க்குப் பதில் 45.5. உயரம் 170 செ.மீ. உள்ள ஆணுக்கு 66 கிலோ வரும். ஆறால் பெருக்கினால் ஏறக்குறைய 396 மி.லி. உயரம் 155 செ.மீ. உள்ள பெண்ணுக்கு 287 மி.லி. மட்டுமே.

படுத்திருக்கும் நோயாளியின் உயரத்தைப் பலர் கண்ணால் மதிப்பிட்டு எழுதிவிடுகிறார்கள். நீங்கள் டேப்பை எடுத்துத் தலையிலிருந்து குதிகால் வரை அளந்து கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். முதல் நாளிலேயே ஒரு மாணவரால் செய்ய முடிகிற, நோயாளிக்கு உண்மையில் உதவுகிற காரியம் இது.

இரண்டாவது கேள்வி, காலைச் சுற்றில் எதையும் மறக்காமல் இருப்பது எப்படி என்பது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் லூயி வின்சென்ட் 2005இல் ‘ஃபாஸ்ட் ஹக்’ என்ற நினைவுச் சூத்திரத்தைக் கொடுத்தார். தமிழில் நான் இப்படிச் சொல்லிக்கொள்வேன்: உணவு போகிறதா, வலி தீர்ந்ததா, மயக்க மருந்து தேவைக்கு மேல் இருக்கிறதா, கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுத்தோமா, தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா, வயிற்றுப் புண்ணுக்குத் தடுப்பு இருக்கிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா. ஏழு கேள்விகள். உங்கள் நோயாளிக்கு இந்த ஏழையும் தினமும் கேட்டாலே யூனிட்டில் உங்களை நம்பத் தொடங்குவார்கள்.

பணம் செலவழிக்காமல் படிக்க நல்ல இடங்கள் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நோய்களுக்கு ஒன்றிரண்டு பக்கத்தில் சிகிச்சை வழிமுறையை வெளியிட்டிருக்கிறது. நம் மருத்துவமனைகளில் இருக்கும் வசதிகளுக்கு ஏற்றது என்பதால் முதலில் அதைப் பாருங்கள். 1993இல் தொடங்கிய இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழையும் வழிகாட்டு நெறிகளையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ‘லைஃப் இன் தி ஃபாஸ்ட் லேன்’ தளத்தில் இ.சி.ஜி. தொகுப்பு மிகச் சிறப்பானது. ‘டிரேஞ்ச்டு ஃபிசியாலஜி’ தளம் உடலியங்கியலை ஆழமாகச் சொல்கிறது, ஆனால் முதல் வாரத்தில் திறந்தால் மிரண்டுபோவீர்கள். இரண்டாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை அவசர சிகிச்சைப் பயிற்சி நூலும் இலவசம்தான். இதற்கு மேல் சேர்க்க வேண்டாம். பத்துத் தளங்களைச் சேமித்து வைத்துவிட்டு ஒன்றையும் படிக்காமல் குற்ற உணர்வில் வாடுவது, இந்தத் தலைமுறை மாணவர்களிடம் நான் பார்க்கும் பெரிய சோர்வுகளில் ஒன்று.

குமரியின் நோயாளிகள்

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழை இரண்டு முறை என்றால் காய்ச்சலும் இரண்டு முறை. டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் மூன்றும் ஒன்றுபோலவே தொடங்கும். உண்ணிக்காய்ச்சலில் சிகரெட் சுட்டது போன்ற கருத்த பொருக்கு உடலில் எங்காவது இருக்கலாம். அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ் என்று ஆடையை விலக்கித் தேடினால்தான் கிடைக்கும். பெண் நோயாளிக்குப் பெண் மாணவியோ சிஸ்டரோ பார்க்கலாம். அதைக் கண்டுபிடித்த மாணவர் அன்றைய நாளின் மிகப் பெரிய வேலையைச் செய்தவர்.

பாம்புக்கடியைக் கட்டாயம் படியுங்கள். திருவட்டாறு, விளவங்கோடு தாலுகாக்களில் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறார்கள். மலையாளம் பேசும் குடும்பத்தார் கண்ணாடிவிரியனை ‘அணலி’ என்பார்கள். இந்தச் சொல் தெரியாமல் கேஸ் ஷீட்டில் தப்பாக எழுதியவர்கள் உண்டு. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் எதிரானது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் கூன்மூக்குக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. ஆகவே மருந்து கொடுத்தும் ரத்தம் உறையவில்லை என்றால் அந்தப் பாம்பையும் நினைக்க வேண்டும்.

கட்டுவிரியனைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தரையில் பாய் விரித்து உறங்குபவரை இரவில் கடிக்கும். பல்தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமை தொய்வு, பிறகு மூச்சு நின்றுபோதல். வென்டிலேட்டரில் வைத்த பிறகு கண்மணிகூட வெளிச்சத்துக்கு அசையாமல் போகலாம். பார்ப்பவர்களுக்கு மூளைச்சாவு போலவே இருக்கும். ஆனால் அவருக்கு நினைவு இருக்கிறது. நாம் பேசுவது எல்லாம் கேட்கிறது. சில நாளில் விஷத்தின் வேகம் தணிந்து எழுந்து உட்கார்ந்து, ‘என் கட்டிலருகே நின்று நீங்கள் பேசியது எனக்குக் கேட்டது’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து, கேட்கிறதோ இல்லையோ, எந்த நோயாளியின் உடலைத் தொடுமுன்னும் பெயரைச் சொல்லி, நான் யார், என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுகிறேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே இதைச் செய்யுங்கள். நோயாளிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் இது நல்லது. குழாய்களுக்கும் ஒலிகளுக்கும் நடுவே ஒரு மனிதருடன் இருக்கிறோம் என்ற உணர்வு நம்மையும் காப்பாற்றும்.

பூச்சிமருந்தோ அரளி விதையோ உட்கொண்டவர்களும் வருவார்கள். பூச்சிமருந்து நோயாளிக்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்து போதுமா என்பதைக் கண்மணியை வைத்து முடிவு செய்யக் கூடாது, நுரையீரலில் ஈரச் சத்தம் நின்றதா என்று கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்பது பாடம். பாடத்தைவிடக் கடினமானது, அவர்களில் பலர் உங்கள் வயதுக்காரர்கள் என்பது. ‘ஏன் இப்படிச் செய்தாய்’ என்று விசாரணை நடத்தாதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, இத்தகையவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. அந்தக் கட்டிலருகே நின்றபோது உங்களுக்குள் ஏதாவது அசைந்தால், அன்றே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

ஐசியூ கதவு திறக்கும்போதெல்லாம் வராந்தாவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். குளச்சலிலிருந்தோ முட்டத்திலிருந்தோ ஒரு மீனவர் வந்து சேர்ந்தால் கிராமமே உடன் வரும். உங்களுக்குத் தெரியாததைச் சொல்லாதீர்கள். ஆனால் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு கடந்தும் போகாதீர்கள். ‘பெரிய டாக்டர் பன்னிரண்டு மணிக்கு வந்து பேசுவார், நான் அவரிடம் நினைவுபடுத்துகிறேன்’ என்பது போதும். சொன்னபடி நினைவுபடுத்துங்கள்.

துயரச் செய்தியை மூத்தவர் சொல்லும்போது கூடவே போய் நில்லுங்கள். நல்ல மருத்துவர் முதலில் அவர்களை உட்கார வைப்பார், ‘உங்களுக்கு இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள்?’ என்று கேட்பார், பிறகுதான் சொல்வார். சொன்ன பிறகு சற்று நேரம் எதுவும் பேச மாட்டார். அந்த மௌனத்தைக் கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

வெளியூர் மாணவர்களுக்கு ஒரு சொல்: இங்கே வயதானவர்கள் உங்களை ‘மக்களே’ என்று அழைப்பார்கள். அது பன்மையன்று. பிள்ளைக்குச் சொல்லும் சொல். கணவரை இழந்த ஓர் அம்மா, நான் கையொப்பம் வாங்கக் காகிதத்தை நீட்டியபோது, ‘மக்களே, நீ ஏதாவது சாப்பிட்டாயா?’ என்று கேட்டார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பதில் சொல்லத் தெரியவில்லை.

முதல் மரணத்துக்குப் பிறகு

அது வரும். அன்றைக்குச் செய்ய வேண்டியவற்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இதயத்தை இயக்கும் முயற்சியை நிறுத்தியதும் எல்லோரும் வேறு வேலைக்குக் கலைந்துவிடுவார்கள். நீங்கள் ஒரு நிமிடம் கட்டிலருகே நில்லுங்கள். அமெரிக்காவில் ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர் இந்த மௌன இடைவெளியை ஒரு வழக்கமாகவே தொடங்கி வைத்தார். யாருடைய அனுமதியும் தேவையில்லை. பிறகு கையைக் கழுவுங்கள், முகத்தைக் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள். அன்றிரவு விடுதி அறைக்குத் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். கூடப் படிப்பவருடன் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ‘நான் நெஞ்சை ஒழுங்காக அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரோ’ என்ற கேள்வி வந்தால் அதை மனத்தில் வைத்திருக்காமல், மறுநாள் யூனிட் மூத்தவரிடம் நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் கேஸ் ஷீட்டைத் திறந்து, எது ஏன் நடந்தது என்று விளக்குவார். அந்தப் பத்து நிமிட விளக்கம் பல மாத உறக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும். உண்மையிலேயே தவறு நடந்திருந்தாலும் அப்படித்தான். தவறு செய்த மருத்துவப் பணியாளரும் உள்ளுக்குள் காயப்படுகிறார் என்பதை ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000இல் எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது.

அழுதால் அழுங்கள். நான் அழுதேன்.

உறக்கம், உணவு, வீடு திரும்புதல்

இரவு டியூட்டிக்கு முன் பகலில் ஒன்றரை மணி நேரமாவது படுங்கள். டியூட்டியின் நடுவே இருபது நிமிடக் கண்ணயர்வு கிடைத்தால், சிஸ்டரிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காப்பியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். ஆகையால் அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு குடித்தால் காலை உறக்கம் கெடும்.

பிஸ்கட்டோடு இரவைக் கழிக்காதீர்கள். நான்கு மட்டிப்பழமும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் பையில் இருக்கட்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பழம் அது. சிறியது, தோலை உரித்த உடனே தின்றுவிடலாம், கை கழுவுவதற்கும் அடுத்த அழைப்புக்கும் இடையே முடிந்துவிடும். காலையில் கஞ்சியும் பயறும் கிடைத்தால் அதைவிடச் சிறந்த உணவு இல்லை.

இரவு டியூட்டி முடித்துவிட்டு இரு சக்கர வாகனம் ஓட்டாதீர்கள். உறக்கக் கலக்கம், போதைக்குச் சமம். பஸ்ஸில் வடசேரிக்குப் போங்கள், இல்லையென்றால் விடுதியிலேயே உறங்கிவிட்டு மதியம் கிளம்புங்கள். அவசரப் பிரிவுக்கு நோயாளியாக வந்த ஹவுஸ் சர்ஜனை நான் பார்த்திருக்கிறேன்.

விடுமுறை நாளில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போங்கள். ஆசாரிப்பள்ளத்தில் இருப்பவர்களுக்குச் சங்குத்துறைக் கடற்கரை இருக்கிறது. குலசேகரத்தில் இருப்பவர்களுக்குத் திற்பரப்பு அருவி பக்கத்திலேயே. கடலில் இறங்க வேண்டாம்; மணலில் உட்கார்ந்தால் போதும். மானிட்டர் ஒலி காதிலிருந்து போக, அலையோசையைவிட நல்ல மருந்தை நான் காணவில்லை.

தாங்க முடியவில்லை என்றால்

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்காக நடந்த இணையக் கருத்தாய்வில் 25,590 இளநிலை மாணவர்கள் பங்கேற்றார்கள். 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் வகுப்பில் நான்கு பேருக்கு ஒருவருக்கும் மேல். அதே அறிக்கை, முதுநிலைப் பயிற்சி மருத்துவர்கள் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, தினமும் ஏழு எட்டு மணி நேர உறக்கம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆகவே களைப்பைப் பற்றிப் பேசினால் சோம்பேறி என்பார்களோ என்று அஞ்ச வேண்டாம்.

எப்போது உதவி தேட வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேலாக உறக்கம் வரவில்லை, அல்லது எழவே மனமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, நோயாளியைப் பார்த்தால் எந்த உணர்ச்சியும் வருவதில்லை, டியூட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சு படபடக்கிறது, உறங்குவதற்காக மாத்திரையோ மதுவோ தேவைப்படுகிறது. இவற்றில் ஒன்றிருந்தாலும் போதும். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் வாரக் கணக்குப் பார்க்காதீர்கள், அன்றைக்கே சொல்லுங்கள்.

யாரிடம்? படிப்படியாகப் போகலாம். முதலில் நீங்கள் நம்பும் ஒரு சீனியரிடமோ, உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வழிகாட்டி ஆசிரியரிடமோ. பிறகு கல்லூரியின் மனநல மருத்துவப் பிரிவு. தமிழக அரசு 2022 டிசம்பரில் அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்காக ‘மனம்’ என்ற மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. உங்கள் கல்லூரியில் அதன் பொறுப்பாசிரியர் யார் என்று கேட்டு வையுங்கள். தெரிந்தவர்களிடம் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050.

பலரைத் தடுப்பது, ‘கோப்பில் பதிவாகிவிடும், பின்னால் வேலைக்குப் பாதகம்’ என்ற அச்சம். மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதை உங்கள் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. பயிற்சியாண்டில் அனுமதி பெற்று 15 நாள் விடுப்பும் எடுக்கலாம். அதை அக்காவின் கல்யாணத்துக்கு மட்டும் சேமித்து வைக்க வேண்டியதில்லை.

என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், ஐசியூவில் சொன்ன அதே வரிசை உதவும். நான் யார், என்ன மாறியிருக்கிறது, எத்தனை நாளாக, எனக்கு என்ன வேண்டும். “அக்கா, மூன்று வாரமாக உறக்கம் இல்லை. போன மாதம் இப்படி இல்லை. நேற்று டியூட்டியில் கை நடுங்கியது. எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவீர்களா?”

தோழர் ஒருவர் இப்படி இருப்பதைக் கண்டால் நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். ‘செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல், கூடவே நடந்து போய் மருத்துவரிடம் சேருங்கள்.

கடைசி நாள்

அடுத்த பிரிவுக்கு மாறும் நாளில், அரை மணி நேரம் முன்னதாக வந்து நிற்கும் புதிய மாணவரைப் பார்ப்பீர்கள். உங்கள் நோட்டைத் திறந்து, அந்த முதல் பக்கத்தை அவரைப் படியெடுக்கச் சொல்லுங்கள். எந்தப் படுக்கையின் உறிஞ்சுகுழாய் அடிக்கடி அடைத்துக்கொள்ளும், எந்த சிஸ்டர் பொறுமையாகச் சொல்லித்தருவார், எந்த சீனியரை நள்ளிரவிலும் தயங்காமல் எழுப்பலாம் என்பதையெல்லாம் சொல்லுங்கள். உங்கள் கைபேசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். டேப்பையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். ஐந்தாம் படுக்கைக்காரரின் உயரம் இன்னும் அளக்கப்படவில்லை.